கூரையைப் பற்றிக் கேட்டீர்கள், முதலில் அப்பாவின் நெஞ்சு நீரைக் கவனியுங்கள்

நீங்கள் கேட்டது இது: 1998-ல் போட்ட சமையலறை ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் போன வாரம் டிஷ் கேபிளுக்காக இரண்டு ஓட்டை போட்டார்கள். தூள் அடுப்பு மேடையிலும் மூன்று வயதுக் குழந்தையின் தட்டிலும் விழுந்தது. மீசோதெலியோமா என்ற புற்றுநோய் வருமா, வீட்டில் எல்லோரும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா, கூரையைப் பிரித்துவிடலாமா? கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 68 வயது, 1978 முதல் 1989 வரை ஒரு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தக்காரரிடம் பாய்லர் குழாய்களுக்கு லேகிங், அதாவது வெப்பக் காப்புப் பூச்சும் உறையும், சுற்றும் வேலை பார்த்தவர். இப்போது வலப்பக்க நெஞ்சில் நீர் கோத்து மூன்று மாதமாக டிபி மாத்திரை சாப்பிடுகிறார், இரண்டு முறை நீர் எடுத்தும் மறுபடி சேர்ந்துவிட்டது.

அவசரமானது அந்தக் கடைசி வரிதான். குழந்தையின் தட்டில் விழுந்த தூளுக்கு வருகிறேன், அதற்குப் பதில் எளிது. நுரையீரல் மருத்துவம் என் துறை, அதில் தொழிலால் வரும் நெஞ்சு நோய்கள் நான் தொடர்ந்து பார்க்கிற பகுதி. ஆனாலும் படத்தையும் ரிப்போர்ட்டையும் பார்க்காமல் அப்பாவுக்கு என்ன நோய் என்று யாராலும் சொல்ல முடியாது. அவருடைய டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

நுரையீரலைச் சுற்றியும் நெஞ்சுக்கூட்டின் உட்பக்கத்திலும் ப்ளூரா என்ற மெல்லிய உறை இருக்கிறது. அந்த உறையில் தோன்றும் புற்றுநோய்தான் பெரும்பாலான மீசோதெலியோமா. வயிற்று உறையிலும் வரும், இதய உறையில் மிக அபூர்வம். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 30,000 பேருக்குக் கண்டுபிடிக்கப்படுகிறது. நுரையீரல் புற்றுநோய் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல் என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு அரிது என்று புரியும். கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இழையை முதன்முதலில் சுவாசித்ததிலிருந்து நோய் வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள் ஆகும், பெரும்பாலோருக்கு 30, 40 ஆண்டுகள். அப்பா வேலைக்குச் சேர்ந்து 45 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதே, இனி என்ன என்று விட்டுவிட முடியாதது அதனால்தான். பீடி சிகரெட்டால் இந்த நோய் வருவதில்லை. ஆனால் கல்நார் தூசியும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு பல மடங்கு பெருகும். அப்பா புகைப்பவராக இருந்தால் இப்போது நிறுத்துவதிலும் பலன் உண்டு.

லேகிங் வேலையை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், அந்தக் காலத்தில் அந்த வேலை நடந்த விதம் அப்படி. பொடியை மூட்டையிலிருந்து வாளியில் கொட்டி, தண்ணீர் விட்டுக் குழைத்துக் குழாயில் பூசுவார்கள். வால்வு, ஃபிளாஞ்ச் பக்கம் கல்நார்க் கயிறு சுற்றுவார்கள், மேலே துணி போர்த்தித் தைப்பார்கள். வருடாந்தரப் பராமரிப்பு வந்தால் காய்ந்து கிடக்கும் பழைய லேகிங்கை உளி வைத்துத் தட்டி உதிர்ப்பார்கள். தூசி அதிகம் பறப்பது இந்தக் கடைசி வேலையில்தான். கூரை ஷீட்டில் இழை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், அதுவும் சிமெண்டில் இறுகிக் கிடக்கும். லேகிங்கில் அது உதிரி, தொட்டால் பறக்கும்.

இழையின் வகையும் வேறு. ஷீட்டில் இருப்பது கிரைசோடைல் என்ற வெள்ளைக் கல்நார். வெப்பக் காப்புக்கு உலகெங்கும் அதோடு அமோசைட் என்ற பழுப்பு வகையும் புழங்கியது. மீசோதெலியோமாவைப் பொறுத்தவரை கிரைசோடைலை 1 என்று வைத்தால் அமோசைட் 100, குரோசிடோலைட் என்ற நீல வகை 500 என்று 2000-ஆம் ஆண்டு ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது. எண்களின் துல்லியத்தில் சர்ச்சை உண்டு, வரிசையில் இல்லை. வெள்ளைக் கல்நார் பாதுகாப்பானது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது. அமெரிக்கா, கனடாவில் லேகிங் தொழிலாளர்கள் 17,800 பேரை 1967 முதல் 1986 வரை பின்தொடர்ந்தார்கள். அந்தக் காலத்தில் இறந்த 4,951 பேரில் 458 பேர் மீசோதெலியோமாவால் இறந்தவர்கள். அதில் நெஞ்சு உறையைவிட வயிற்று உறையில் வந்தவர்கள் அதிகம். லேகிங் வேலை பார்த்த ஒருவருக்குக் காரணம் தெரியாமல் வயிற்றில் நீர் கோத்தாலும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இனி டிபி விஷயம். உங்கள் டாக்டர் தவறு செய்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டில் ஒரு பக்க நெஞ்சில் நீர் கோத்தால் முதலில் நினைக்க வேண்டியது டிபியைத்தான். நீரில் கிருமி அகப்படுவது அபூர்வம் என்பதால் லிம்ஃபோசைட் அணுக்கள் அதிகமாக இருப்பதையும், ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவு 40-க்கு மேல் இருப்பதையும் வைத்துத்தான் பெரும்பாலும் மருந்து தொடங்குகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது சரியாகவே அமைகிறது. சிக்கல் என்னவென்றால், மீசோதெலியோமா நீரிலும் லிம்ஃபோசைட் அதிகமாக இருக்கலாம், சிலருக்கு ஏ.டி.ஏ.வும் உயரலாம். இன்னொரு குழப்பமும் உண்டு. உண்மையான டிபியிலேயே மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் நீர் கொஞ்சம் கூடிவிட்டுப் பிறகு வற்றலாம். ஆகவே ஒருமுறை கூடியது என்பதற்காக முடிவு கட்ட முடியாது. ஆனால் மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும், இரண்டு முறை எடுத்தும், நீர் திரும்பத் திரும்பச் சேர்கிறது என்றால் முதல் முடிவை மறுபடி திறந்து பார்க்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

இந்த நோய்க்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்பு உலகுக்குத் தெரிய வந்ததே இப்படி ஒரு டிபி குழப்பத்தில்தான். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியில் டிபி மருத்துவமனையை நடத்தி வந்த ஸ்லெக்ஸ் என்ற மருத்துவர், நெஞ்சில் நீர் கோத்து வந்தவர்களில் ஒரு பகுதியினர் மட்டும் டிபி மருந்துக்கு மசியவில்லை என்பதைக் கவனித்தார். அவர்கள் ஊருக்கு மேற்கே, நீலக் கல்நார் சுரங்கப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மார்ச்சண்ட் என்ற அறுவை மருத்துவர் உறையிலிருந்து சதை எடுத்துக் கொடுத்தார், வாக்னர் என்ற நோய்க்குறியியலாளர் அதைப் பார்த்தார். 1960-ல் மூவரும் 33 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அந்தச் சுரங்கப் பகுதியோடு தொடர்பு இருந்தது. அவர்களில் பலர் சுரங்கத்தில் வேலை செய்தவர்களே இல்லை, சிறு வயதில் அங்கே வாழ்ந்தவர்கள். எங்கே இருந்தாய், என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டதால் கிடைத்த விடை அது. செப்டம்பர் 26-ஐ மீசோதெலியோமா விழிப்புணர்வு நாள் என்கிறார்கள். ரிப்பன் குத்துவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நம் புறநோயாளிப் பிரிவுகளில் "நாப்பது வருஷத்துக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?" என்ற ஒரு கேள்வி வழக்கமானால் அதைவிடப் பலன் அதிகம்.

டாக்டர் கேட்கவில்லையென்றால் நீங்கள் சொல்லுங்கள். ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, என்ன வேலை, லேகிங் போட்டாரா பழையதைக் கழற்றினாரா, முகத்தில் எதையாவது கட்டினாரா. அதைக் கேஸ் ஷீட்டில் பதியச் சொல்லுங்கள். ரிட்டயர்டு, கூலி என்று பதிவானால் அந்த ஆண்டுகள் ஏட்டில் இல்லாமலே போய்விடும். டிபி மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அது டிபியாகவே இருந்தால் அரைகுறை மருந்து பெரிய கேடு.

அடுத்துக் கேட்க வேண்டியது கான்ட்ராஸ்ட் போட்ட சி.டி. ஸ்கேன். உறை முண்டும் முடிச்சுமாகத் தடித்திருக்கிறதா, நுரையீரலைச் சுற்றி வளையமாகப் படர்ந்திருக்கிறதா, சுண்ணாம்புத் தகடுகள் தெரிகின்றனவா என்று அதில் பார்ப்பார்கள். அந்தத் தகடுகள் கல்நார் தூசியின் பழைய அடையாளம், அவையே புற்றுநோய் ஆகா. ஸ்கேனை வைத்து மட்டும் மீசோதெலியோமா என்றோ, இல்லை என்றோ சொல்ல முடியாது. எடுத்த நீரில் உள்ள அணுக்களைப் பார்க்கும் சைட்டாலஜி பரிசோதனைக்கு அனுப்பி "புற்றணு இல்லை" என்று வந்திருந்தால் அதையும் நம்பி உட்கார வேண்டாம். இந்த நோயில் நீர்ப் பரிசோதனை மூன்றில் இரண்டு பேரைத் தவறவிடுகிறது. தேவைப்படுவது உறையிலிருந்து எடுக்கும் சதை. ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் எடுக்கலாம். அதைவிட நல்லது தொராக்கோஸ்கோப்பி. விலா இடுக்கில் ஒரு சிறு துளை போட்டு, கேமரா விட்டு, சந்தேகப்படும் இடங்களை நேரில் பார்த்து எடுப்பார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதில் விடை கிடைத்துவிடும். நுரையீரல் பிரிவு உள்ள பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கேட்டுப் பாருங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு சறுக்கல் உண்டு. மூச்சு வாங்குகிறது என்று ஊர் கிளினிக்கில் மறுபடி மறுபடி ஊசி போட்டு நீரை உறிஞ்சுவார்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே உறைகள் ஒட்டிக்கொண்டு நீர் அறை அறையாகப் பிரிந்துவிடலாம். பிறகு கேமராவை உள்ளே விட இடம் இருக்காது. தொராக்கோஸ்கோப்பிக்கு உள்ளே கொஞ்சம் நீர் இருப்பதே வசதி. ஆகவே மூச்சுத் திணறல் தாங்க முடியாத அளவுக்குப் போகாதவரை, அடுத்த முறை நீர் எடுப்பதை பயாப்ஸி, அதாவது சதை எடுத்துச் சோதிக்கும், திட்டத்தோடு சேர்த்து யோசிக்கச் சொல்லுங்கள். தாங்க முடியாவிட்டால் காத்திருக்கக் கூடாது, உடனே எடுத்தாக வேண்டும்.

சதை எடுத்த பிறகும் வேலை முடியவில்லை. சாதாரணச் சாயத்தில் மீசோதெலியோமாவும், நுரையீரலிலிருந்து உறைக்குப் பரவிய அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றும் ஒன்றுபோலவே தெரியலாம். பிரித்தறிய, அணுக்களில் உள்ள குறிப்பிட்ட புரதங்களைக் காட்டும் ஐ.எச்.சி. சாயங்கள் வேண்டும். மீசோதெலியப் பக்கம் கால்ரெட்டினின், டபிள்யூ.டி.1, டி2-40 போன்றவற்றில் குறைந்தது இரண்டு, எதிர்ப்பக்கம் டி.டி.எஃப்.1, கிளாடின்-4, சி.இ.ஏ. போன்றவற்றில் குறைந்தது இரண்டு என்பது வழக்கம். ஒரே ஒரு சாயத்தை வைத்து எழுதிய ரிப்போர்ட் வந்தால் இரண்டாவது கருத்து கேளுங்கள். அதற்கு லேபில் இருக்கும் பாரஃபின் பிளாக், அதாவது சதையை மெழுகில் பதித்து வைத்த கட்டி, தேவை. அதை எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். ரிப்போர்ட்டில் எபிதெலாய்டு, சார்கோமடாய்டு, இரண்டும் கலந்த பைஃபேசிக் ஆகியவற்றில் எந்த வகை என்று இருக்கிறதா பாருங்கள். சிகிச்சை அதைப் பொறுத்தது.

இவ்வளவும் சொன்னதால் அப்பாவுக்கு மீசோதெலியோமாதான் என்று எண்ணிவிடாதீர்கள். டிபி இன்னும் பட்டியலில் இருக்கிறது. வேறிடத்துப் புற்று உறைக்குப் பரவியிருக்கலாம், மீசோதெலியோமாவைவிட அது பல மடங்கு சகஜம். கல்நார் தூசியாலேயே புற்றில்லாமல் வெறும் நீர் கோப்பதும் உண்டு. பயாப்ஸி இவற்றைப் பிரித்துக் காட்டும்.

ஒருவேளை மீசோதெலியோமாவாகவே இருந்தால், மறைக்காமல் சொல்கிறேன், முழுக் குணம் என்பது இன்றைக்கும் மிக அரிது. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தோடு பெமட்ரெக்ஸெட் என்ற இன்னொன்றைச் சேர்த்ததில் சராசரி ஆயுள் 9.3 மாதத்திலிருந்து 12.1 மாதமாக நீண்டது என்று 2003-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற எதிர்ப்பாற்றல் மருந்து இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது 18.1 மாதம், அதே ஆய்வில் கீமோவுக்கு 14.1 மாதம். சார்கோமடாய்டு வகைக்கு இவற்றின் பலன் கூடுதல், விலையும் மிகக் கூடுதல். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எதுவரை செல்லும் என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நெஞ்சைத் திறந்து உறையை உரித்தெடுக்கும் பெரிய அறுவையை யாராவது உடனே செய்யச் சொன்னால் நிதானியுங்கள். பிரிட்டனில் 2024-ல் வெளியான பெரிய ஆய்வில் அந்த அறுவை செய்தவர்கள் செய்யாதவர்களைவிட அதிக நாள் வாழவில்லை. பெமட்ரெக்ஸெட் கொடுப்பதென்றால் ஒரு வாரம் முன்பே ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் பி12 ஊசியும் தொடங்கியிருக்க வேண்டும், ஊசி பிறகு ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை. இது விட்டுப்போனால் வாய்ப்புண்ணும் வெள்ளணுக் குறைவும் கடுமையாகும். நீர் திரும்பச் சேராமல் இருக்க டால்க் பொடியிட்டு உறைகளை ஒட்ட வைக்கலாம், அல்லது வீட்டிலேயே நீரை வடித்துக்கொள்ள மெல்லிய குழாய் பொருத்தலாம். மூச்சுத் திணறல் குறைந்து மனிதர் நிம்மதியாகத் தூங்க இவை பெரிதும் உதவும்.

கல்நாரால் வரும் மீசோதெலியோமா இந்தியச் சட்டப்படி தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளது, இழப்பீடு கேட்கலாம். 1995-ல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழில்கள் பற்றிய வழக்கில், ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது வேலையை விட்டு 15 ஆண்டு, இவற்றில் எது பிந்தையதோ அதுவரை காக்க வேண்டும் என்றது. ஒப்பந்தக் கூலியாக இருந்தவருக்கு அப்படி ஒரு பதிவு இருக்கும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். பி.எஃப். எண், பழைய கேட் பாஸ், சம்பளச் சீட்டு, கூட வேலை பார்த்த இரண்டு பேரின் பிரமாணப் பத்திரம் என்று கிடைப்பதை அப்பா தெம்பாக இருக்கும்போதே சேர்த்து வையுங்கள். கோருவதற்குக் கால வரம்பு உண்டு. பயாப்ஸி முடிவு வந்ததும் தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞரிடமோ தொழிற்சங்கத்திடமோ போய்விடுங்கள்.

வீட்டில் மற்றவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். குழந்தையைவிட எனக்கு முதலில் நினைவுக்கு வருவது உங்கள் அம்மாதான். அப்பா வேலை உடுப்போடு வீட்டுக்கு வந்து, அதை அம்மா உதறித் துவைத்திருந்தால், அந்தப் பதினோரு வருடத் தூசி அம்மாவின் மூச்சுக்குள்ளும் போயிருக்கும். லண்டனில் 1965-ல் வெளியான ஆய்வில், வேலை விவரம் தெரிந்த 76 மீசோதெலியோமா நோயாளிகளில் 9 பேர் கல்நார் வேலைக்கே போகாதவர்கள், வேலைக்குப் போனவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். இதற்காக அம்மாவுக்கு இப்போது ஸ்கேன் தேவையில்லை. அறிகுறி இல்லாதவர்களைச் சோதித்து இந்த நோயை முன்கூட்டிப் பிடித்துக் காப்பாற்றும் முறை எதுவும் இதுவரை நிரூபணமாகவில்லை. ரத்தப் பரிசோதனை பேக்கேஜ் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அம்மாவுக்கு எப்போதாவது விடாத ஒரு பக்க நெஞ்சுவலி, மூச்சு வாங்குதல், வயிறு உப்புதல் என்று வந்தால் இந்தத் துணி துவைத்த கதையை டாக்டரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

குழந்தை: இரண்டு ஓட்டைத் தூளுக்கு ஸ்கேன் வேண்டாம். நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு தூசி, எத்தனை ஆண்டு என்பதைப் பொறுத்தது. ஒரு முறை சில நிமிடம் பறந்த ஷீட் தூளால் கூடும் வாய்ப்பு கணக்கில் பிடிக்க முடியாத அளவு சிறியது. இதற்குக் கீழே ஆபத்தே இல்லை என்று ஒரு எல்லைக்கோட்டை அறிவியல் இன்னும் காட்டவில்லை என்பதால் பூஜ்யம் என்று எழுத மாட்டேன். சிறு வயதில் சுவாசிப்பதைத் தவிர்ப்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. முதல் சுவாசத்திலிருந்து ஆண்டுகள் ஏற ஏற வாய்ப்பும் ஏறும் நோய் இது, குழந்தைக்கு முன்னால் அறுபது எழுபது ஆண்டுகள் இருக்கின்றன. ஆகவே இனி பறக்கவிடாமல் இருங்கள். சாப்பாட்டோடு வயிற்றுக்குள் போனது பற்றிக் கவலை வேண்டாம், விழுங்கியதால் கேடு என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

தூள் இன்னும் மூலையில் கிடந்தால் விளக்குமாறு, மின்விசிறி, சாதாரண வாக்வம் கிளீனர் எதுவும் வேண்டாம். தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் ஒரே வாட்டத்தில் வழித்து, துணியை மடித்துக் கவருக்குள் போட்டுக் கட்டி, இன்னொரு கவருக்குள் போடுங்கள். துணியை அலசி மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஓட்டையைச் சுற்றி ஈரமாக்கி எம்சீல் வைத்து அடையுங்கள். அடுத்த முறை ஓட்டை போட்டே ஆக வேண்டுமென்றால் கை டிரில், அல்லது மிக மெதுவான வேகம். போடும் இடத்தில் இரு பக்கமும் ஷேவிங் ஃபோம் ஒரு கை அப்பிவிட்டால் தூள் நுரையிலேயே சிக்கிக்கொள்ளும், ஈரத் துணியால் வழித்தெடுக்கலாம். செலவில்லாத, நன்றாக வேலை செய்யும் முறை. ஆங்கிள் கிரைண்டர் மட்டும் ஷீட்டின் பக்கமே வரக் கூடாது. ஷீட் கூரை வீட்டில் மிக மோசமான தூசி கிளம்புவது அதில்தான்.

கூரையைப் பிரிக்க வேண்டுமா? விரிசல் இல்லாமல், விளிம்பு உதிராமல் இருந்தால் அவசரமில்லை. முழுசாக இருக்கும் ஷீட்டின் கீழே உட்கார்ந்திருப்பதால் மட்டும் காற்றில் இழை குறிப்பிடும்படி கூடுவதில்லை. ஆனால் 25 ஆண்டு மழை வெயிலில் மேற்பரப்புச் சிமெண்ட் அரித்து இழைகள் வெளியே தெரியத் தொடங்கியிருக்கும். மழைக்காலத்துக்கு முன் பாசியைக் கம்பி பிரஷ் வைத்துச் சுரண்டுவதும் பிரஷர் வாஷ் அடிப்பதும் அப்போது மிக மோசம். சுரண்டாமல் மேலே அக்ரிலிக் பெயிண்ட் தெளிக்கலாம்.

பிரிப்பதென்று முடிவு செய்தால், அன்றைய தினத்தின் பெரிய ஆபத்து இழையல்ல, ஷீட் உடைந்து ஆள் விழுவதுதான். போல்ட் வரிசை மேல் நடந்தால் தாங்கும் என்ற நம்பிக்கை பொய். பழைய ஷீட் எச்சரிக்கை இல்லாமல் உடையும். சமையலறை உயரம்தான் என்றால் கீழே சாரம் கட்டி உள்ளிருந்தே கழற்றலாம். மேலே ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான பர்லின்களில் குறைந்தது இரண்டைத் தொடும் நீளத்துக்குப் பலகை போட்டு அதன்மேல் மட்டும் நிற்க வேண்டும். ஆடிக் காற்று மாதம் வேண்டாம், காற்றில்லாத காலை நேரம் பாருங்கள். குழந்தை, அம்மா, அப்பா மூவரும் அன்றைக்கு வேறு வீட்டில் இருக்கட்டும். பத்து லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு ஸ்பூன் கலந்து, பூச்சிமருந்து அடிக்கும் கைத்தெளிப்பானால் ஏணியில் நின்றபடி மெல்லத் தெளித்துக்கொண்டே இருங்கள். சோப்பு இல்லாவிட்டால் தண்ணீர் ஊறாமல் வழிந்துவிடும். ஈரமான ஷீட் வழுக்கும், அதன்மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. துருப்பிடித்த ஜே போல்ட்டைக் கீழே, கொக்கிப் பக்கத்தில், போல்ட் கட்டரால் வெட்டுங்கள், மேலே சுத்தியலால் தட்டாதீர்கள். ஷீட்டை இழுக்காமல் தூக்கி, இருவர் பிடித்து இறக்க வேண்டும். மூன்று மீட்டர் ஷீட் ஒன்று 40 கிலோவுக்கு மேல் இருக்கும், 200 சதுர அடிக்கு ஏழு ஷீட், மொத்தம் 300 கிலோ வரும். மேலிருந்து தள்ளி உடைப்பதுதான் ஆட்களுக்குப் பழக்கம், முன்கூட்டியே பேசித் தடுத்துவிடுங்கள்.

கர்ச்சீஃபும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் பயனில்லை. என்95-ம் இந்த வேலைக்குப் போதாது. பி100 வடிகட்டி மாட்டிய ரப்பர் அரைமுக மாஸ்க் வேண்டும், தாடி இருந்தால் அதுவும் ஒட்டாது. கழற்றிய ஷீட்டை 800 கேஜ், அதாவது 200 மைக்ரான் பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டுங்கள். உடைந்த துண்டுகளைச் சாக்கில் போட்டால் இழை வெளியே வரும், அதே பாலித்தீனில்தான் கட்ட வேண்டும். போட்டிருந்த உடுப்பை மற்ற துணியோடு துவைக்காமல் அதோடேயே கட்டிவிடுங்கள்.

கழற்றியதை எங்கே கொடுப்பது என்பது நம் ஊரில் இன்னும் ஒழுங்காகத் தீராத விஷயம். இது சாதாரணக் கட்டட இடிபாட்டோடு போகக் கூடாத கழிவு. தமிழ்நாட்டில் அபாயக் கழிவைப் புதைக்கும் தளம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. ஒரு வீட்டின் ஏழு ஷீட்டை எப்படிச் சேர்ப்பது என்று மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் உள்ளாட்சி சுகாதார அலுவலரிடமும் எழுதிக் கேளுங்கள், பதில் வரும்வரை கட்டியபடியே நிழலில் அடுக்கி வைக்கலாம். மாட்டுக் கொட்டகைக்குக் கேட்டு வருவார்கள், ரோட்டுக் குழி நிரப்பவும் கேட்பார்கள். கொடுத்தால் அங்கே யாரோ கிரைண்டர் வைத்து அறுப்பார்கள், அல்லது வண்டிச் சக்கரம் அரைத்துப் பொடியாக்கும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் விற்கிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2005-லும், ஆஸ்திரேலியா 2003 முடிவிலும், கனடா 2018-லும் தடை செய்தன. இந்தியா இறக்குமதி செய்து ஷீட்டாக விற்க அனுமதிக்கிறது. இலங்கை 2018 தொடங்கிப் படிப்படியாக நிறுத்தப் பார்த்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, பூச்சி இருக்கிறதென்று சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. கல்நார் ஏற்றுமதியில் முன்னணியில் இருப்பதும் ரஷ்யாதான். இலங்கை கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. தேயிலை மறுபடி கப்பலேறியது.

புதுக் கூரைக்கு, கல்நார் இல்லாமல் செல்லுலோஸும் பி.வி.ஏ. இழையும் சேர்த்த ஃபைபர் சிமெண்ட் ஷீட் கிடைக்கிறது. பில்லிலும் ஷீட் மேலும் கல்நார் அற்றது என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள், "சிமெண்ட் ஷீட்" என்ற வாய்ச்சொல் போதாது, பழையதையும் அப்படித்தான் சொல்கிறார்கள். கலர் கோட்டட் தகரம் போட்டால் சமையலறை கொதிக்கும், அடியில் வெப்பத் தடுப்பு விரிப்பு வேண்டியிருக்கும். ஆனால் இதெல்லாம் தை மாசிக்குப் பார்த்துக்கொள்ளலாம். இந்த வாரம் செய்ய வேண்டியது அப்பாவின் எல்லா எக்ஸ்ரே, நீர்ப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளையும் அந்த வேலை விவரத் தாளையும் ஒரே ஃபைலில் போட்டு, தொராக்கோஸ்கோப்பி செய்யும் நுரையீரல் மருத்துவரிடம் நேரம் வாங்குவது.